ஜூனோவின் இடது காது

1953
மார்ச் 2 – காதுக்குச் சொட்டு மருந்து – ரூ. 1-4-0
மார்ச் 30 – அதே மருந்து – ரூ. 1-4-0
ஏப்ரல் 18 – லண்டனுக்கு விமானத் தபால் – ரூ. 0-8-0
மே 9 – மறுபடியும் லண்டனுக்கு – ரூ. 0-8-0
ஜூன் 1 – ராயபுரத்திலிருந்து வேப்பேரிக்கு ஜட்கா வண்டி – ரூ. 1-0-0

இந்தக் கணக்கை எழுதிய ராசையா துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. உரியவர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மூட்டையைக்கூட அவர் நகரவிட்டதில்லை. அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது.

1947இல் சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார மேலதிகாரி தன் தொங்குகாது நாய் ஜூனோவை, "பார்த்துக்கொள்" என்று இவரிடம் விட்டுப்போனார். கொடுத்துவிட்டதாக எழுதித் தரவில்லை. ஆகவே ஆறு வருஷமாகியும் ராசையாவுக்கு அது துரையின் நாய்தான்.

ஒரு வருஷமாக அதன் இடது காதில் சீழ். துளை தடித்து அடைத்துக்கொண்டது. எந்நேரமும் தலையை உதறும், சுவரில் தேய்க்கும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆசீர்வாதம் பார்த்தார்.

"இனி மருந்து உள்ளே இறங்காது. காதுக் குழாயின் வெளிப்பக்கச் சுவரை வெட்டித் திறந்துவிட்டால் சீழ் வடியும், காற்று புகும். தள்ளிப்போட்டால் உள்ளே பரவிவிடும்."

"மயக்கம் தெளிஞ்சு எழுந்திருக்குமா?"

"வயசு ஒன்பது. உறுதி சொல்லமாட்டேன்."

செத்துப்போனால் துரைக்கு என்ன பதில் சொல்வது? ராசையா அனுமதி கேட்டு எழுதினார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். தபால்காரர் வரும் நேரமானால் வாசலில் போய் நின்றார்.

"இன்னா மாமு, நாய்க்கு இன்னும் கேட் பாஸ் வர்லியா?" என்றார் பக்கத்து வீட்டு கமாலுதீன்.

மனைவி இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. "ஆறு வருஷமா சோறு போட யாருட்ட சீட்டு வாங்குனீங்க?"

மே 31 அன்று காது வலியில் ஜூனோவால் வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டால் அலறியது. மறுநாளே ஜட்கா பிடித்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. டாக்டர் காத்திருந்தார். ராசையா தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் வராந்தாவில் உட்காரவே இல்லை. டாக்டர் கதவைத் திறந்தார்.

"கண் விழிச்சிடுச்சு. தையல் பிரிக்கிறவரைக்கும் சொறிய விடாதீங்க."

பதினொன்றாம் தேதி தையல் பிரித்தார்கள். புண் ஆறிவந்தது. ராசையாவுக்குத்தான் தூக்கமில்லை, அடுத்தவர் உடைமைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று.

கடைசியில் துரையின் கடிதம் வந்தது. மூன்றே வரி. கிழட்டு நாய்க்கு அறுவை எதற்கு, ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்றிருந்தது. ராசையா இரண்டு தரம் படித்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உரிமையாளராகத் தன் பெயர் ஏறியது ஜூன் 1 என்று நினைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் ஓரத்தில், வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார்: ஜூன் 19, 1953.