லெம்பி கேட்ட மீன் சூப்

தாவெட்டியின் வீம்பு சொயிந்துலா என்ற அந்தத் தீவுக் கிராமம் முழுக்கப் பிரசித்தம். நாற்பது வருஷம் சுருக்குமடி வலைப் படகு ஓட்டியவர். அரசாங்கம் மீன்பிடி உரிமங்களை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய வருஷம், யார் மேலோ இருந்த கோபத்தில் தன்னுடையதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு சின்ன அலுமினியப் படகும் ஒற்றைத் தூண்டிலும்தான். மனைவி லெம்பியின் தம்பி ஆர்மாஸ் தன் உரிமத்தை விடவில்லை. அந்த எரிச்சலில் மைத்துனனிடம் அளந்துதான் பேசுவார்.

லெம்பி படுத்து எட்டு மாதமாகியிருந்தது. இனி வைத்தியம் வேண்டாம் என்று டாக்டரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தண்ணீரைக்கூட வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தவள், அக்டோபரில் ஒரு காலை, பாலும் உருளைக்கிழங்கும் போட்ட மீன் சூப் வேண்டும் என்றாள். தாவெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. அவளோடே இருந்ததில் அந்த வருஷம் கடலுக்கே போகவில்லை, ஃப்ரீசர் காலி. கடையில் வாங்கினால் கௌரவம் என்னாவது? சூப்புக்கு கோஹோ சால்மன்தான், அதுவும் சதை செக்கச்செவேலென்று இருக்க வேண்டும். அதைப் பிடிக்க இன்னும் மூன்றே நாள் அனுமதி இருந்தது.

அதிலும் பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட கோஹோவை மட்டும்தான் எடுக்கலாம். அடையாளத்துக்காக அதன் வால்பக்கத்துச் சின்னத் துடுப்பைக் குஞ்சிலேயே வெட்டியிருப்பார்கள். துடுப்பு முழுசாக இருந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும்.

இரண்டு நாள் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் நாள் பெரிய படகுகள், சதை வெளுத்த மலிவு மீனான நாய் சால்மனுக்கு வலை சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் இடுக்கில் அல்லாடிக்கொண்டிருந்தவருக்கு மதியம் ஒரு கோஹோ மாட்டியது. எட்டு பவுண்டு இருக்கும். துடுப்பு முழுசாக இருந்தது. நெடுநேரம் அதைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். சட்டத்தை மீறியவர்களை ஊரறியத் திட்டிய வாய் அது. கையைத் தளர்த்திவிட்டார்.

பக்கத்துப் படகிலிருந்து இதைப் பார்த்த ஆர்மாஸ், ஒரு நாய் சால்மனைத் தூக்கிக் காட்டினான்.

“மச்சான், இதக் கொண்டு போங்க. அக்காவுக்குத்தானே.”

“நாய்க்குப் போடுறத உங்கக்காவுக்குப் போடச் சொல்றியா?”

ஆர்மாஸ் மீனைக் கீழே போட்டுவிட்டு வலைப்பக்கம் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து லெம்பியிடம் கோஹோவை விட்டதையும் ஆர்மாஸ் மீனை மறுத்ததையும் பெருமையாகவே சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

“எந்த மீனா இருந்தா என்ன, தாவெட்டி? மருந்து ஏறுனதுலேர்ந்து எனக்கு ருசியே தெரியல. சூடா ரெண்டு வாய் உள்ள இறங்கும்னு தோணுச்சு, அதான் கேட்டேன்.”

வாழ்க்கையில் முதன்முறையாக தாவெட்டி தானே மைத்துனனுக்கு போன் போட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் ஆர்மாஸ் அரைமணி நேரத்தில் மீனோடு வந்து நின்றான். இவர் நறுக்கி, காய்ச்சி, ஊதி ஊதி எடுத்துப்போனார். முதல் கரண்டி கடைவாயில் வழிந்துவிட்டது.

“அன்னிக்கி இருந்த பசி இப்ப இல்ல. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க,” என்றாள் லெம்பி.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

சூப் காய்ச்சிய அன்று, அவள் சொன்னபடியே இருவரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாய் சால்மன் சூப் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் தாவெட்டியால் இன்றுவரை தாங்க முடியவில்லை.