கெதியா

என் மகளுக்கு இடப்பக்கக் கிட்னி வீங்கியிருந்தது. சிறுநீர் இறங்கும் குழாய் மேலேயே அடைத்திருக்கிறது என்று பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் நாலு மாதக் கைக்குழந்தை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள் அவை. பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். நான் கொழுந்து பறித்தேன், என் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டினார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதுவரை எல்லாவற்றையும் சிங்களத்தில் கேட்டு, பாதி விளங்கி, மீதிக்குத் தலையாட்டியவர்கள் நாங்கள். இனித் தமிழில் கேட்கலாம், பிழை வராது என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

"கத்தி வைக்காம செய்ய முடியாதுங்களா ஐயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தினமும் தேயிலைச் செடியை வெட்டுகிற ஆள். பிள்ளையின் விலாவில் கத்தி என்றதும் அவளை என்னிடமிருந்து வாங்கி அணைத்துக்கொண்டார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சின்னத் துளைகள் போட்டு, உள்ளே கமரா விட்டுச் செய்யும் முறை இருக்கிறதாம். வெளிநாட்டில் அதற்கு ரோபோவே வந்துவிட்டதாம். டாக்டர் தள்ளி உட்கார்ந்து ஆட்ட, அதன் கைகள் உள்ளே தையல் போடுமாம்.

"பெரிய ஆக்களுக்கு அது வசதிதான். இந்தக் குஞ்சு வயித்துக்குள்ள அந்தக் கையளுக்கு இடம் காணாது. நேரமும் கூடப் பிடிக்கும். நாங்கள் வெட்டுறதும் சின்ன வெட்டுத்தான், நல்லா ஆறும். பயப்பிடாதேங்கோ. கெதியா வார்ட்டுக்குக் கொண்டு வாங்கோ, செய்வம்."

கெதியா. எங்கள் லயத்தில் கெதி என்றால் ஒரே அர்த்தம்தான். கடைசியில் வந்து நிற்கும் நிலை. "என் கெதியப் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்ளும்போது வரும் சொல்.

பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "கெதியாகிப் போனா கொண்டாரச் சொல்றாரு. இப்ப ஒண்ணும் அவசரமில்ல. அதுக்குள்ள அந்த மிசினு இங்கயும் வந்துரும்."

எனக்கும் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது. கெட்டுப் போகும்வரை பார்த்திருக்கச் சொல்கிறாரே, இவரும் ஒரு டாக்டரா என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் பிள்ளை சிரித்தாள், கவிழ்ந்தாள், தவழப் பார்த்தாள். அவள் சிரிக்கிற ஒவ்வொரு நாளும் கத்திக்குத் தப்பிய நாள் என்று சந்தோஷப்பட்டேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, பால் இறங்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். கிட்னி முழுக்கச் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். டாக்டர் அன்றைக்கே வெட்டி, அந்தக் கிட்னியை எடுத்துவிட்டார். வெளியே வந்தவரின் முகத்தில் கோபம் இருந்தது.

"கெதியாக் கொண்டு வரச் சொன்னனான் எல்லோ?"

"கெதியானதும் கொண்டாந்துட்டோமுங்களே ஐயா" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆயாம்மா கினிகத்தேனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண், எங்கள் பேச்சும் டாக்டரின் பேச்சும் தெரிந்தவள். அவள்தான் எங்களிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க பேச்சுல கெதியான்னா சுருக்கான்னு அர்த்தமுங்க."

என் வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டாள். ரோபோ வேண்டியிருக்கவில்லை, ஒரு சின்ன வெட்டுப் போதுமாயிருந்தது. இதற்கு யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. டாக்டரும் தமிழ்தான் பேசினார், நாங்களும் தமிழ்தான் கேட்டோம்.

சில வருஷம் கழித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்தார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் வழியில் அவர் குரல் கேட்கும்.

"கெதியா வாங்கோ பிள்ளையள்!"

என் மகள் இருந்திருந்தால் அந்த வகுப்பில்தான் இருந்திருப்பாள். பிள்ளைகள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடும். ஒன்றுக்குக்கூட அர்த்தம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.