சக்கரவர்த்தி மாமா மோட்டாரை மூடிவைத்த வருடம்

என் அக்கா திரௌபதியின் கணவர் சக்கரவர்த்தி மாமா பரம்பரையாக மரவேலை செய்தவர் அல்ல. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். பதினாறு வயதில் சென்னைக்குப் போய், ஒரு பட்டறையில் மோட்டார் ரம்பத்தில் தொழில் பழகினார். கைரம்பத்தை அவர் தொட்டதே இல்லை. திருவண்ணாமலைக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை போட்டபோது, மோட்டாருக்கு மின் இணைப்புக் கேட்டு ஒரு வருடம் மனு எழுதியவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. இயற்பியல். வேலை கிடைக்காத எனக்கு, நானும் படித்தவன்தான் என்று சொல்ல அந்த மோட்டார் சத்தம் ஒன்றுதான் இருந்தது.

அதை 1984 சித்திரையில் நிறுத்திவிட்டார்.

காரணம் ஆணி. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த நிலத்து வேம்பை வெட்டிக் கொண்டுவருவார்கள். அதில் ஊஞ்சல் கொக்கி இருக்கும். பேய் பிடித்தவர்களின் முடியைச் சுற்றிப் பூசாரி அறைந்த ஆணியும் இருக்கும். மரம் வளர்ந்து எல்லாவற்றையும் உள்ளே மூடிக்கொள்ளும். கேட்டால் இல்லை என்பார்கள். பேய் ஆணி அறைந்த மரத்துக் கதவு என்று தெரிந்தால் எந்தச் சொந்தக்காரன் அந்த வாசலை மிதிப்பான்? அப்படி ஓர் ஆணியில் மோதி, ரம்பத்தின் பல் தெறித்து மாமாவின் இடது புருவத்தைக் கிழித்தது. மறுநாளே மோட்டாரைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கைரம்பம் வாங்கி வந்தார்.

முப்பத்தெட்டு வயதில் புதிதாகப் பழகினார். பார்க்கச் சகிக்கவில்லை. கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். உள்ளங்கை கொப்பளித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார்.

"கலெக்டர் தோத்தாரு போ" என்றாள் அக்கா.

பத்து நிமிட வேலைக்கு அரை நாள் ஆனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன மாமா வீம்பு? கரண்ட் இருக்குது, மோட்டாரு இருக்குது..."

"கையில அறுத்தா ஆணி பட்டதும் கிறீச்னும். நிறுத்திடுவேன். உன் மோட்டாரு என் கண்ணப் புடுங்கிட்டுதான் நிக்கும் மாப்ள."

கல்லூரி ஆய்வகத்திலிருந்து காந்தம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மரத்தின் மேல் ஓட்டினேன். ஆழத்தில் இருக்கும் ஆணி அதற்குத் தெரியவில்லை. இயற்பியல் படித்தவனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

ஆவணியில் கீழ்பென்னாத்தூர் காசியம்மாள் தன் வேப்பமரத் துண்டுகளை வண்டியில் ஏற்றி வந்தாள். புது வீட்டு வாசலுக்கு இரட்டைக் கதவு. குடிபுகும் நாளில் இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். மூன்று நாள் மிச்சம் இருக்கையில் ஒரு கதவுதான் முடிந்திருந்தது. மாமாவின் பெயர் கெட்டுவிடும் என்று எனக்குத் தூக்கமில்லை. பார்க்க வந்த காசியம்மாளைத் தனியே கேட்டேன்.

"ஆணி கீணி எதாவது இருக்குதாம்மா?"

"எங்க மரத்துலயா? அண்ணாமலையார் மேல ஆணையா கெடையாது. படிச்ச புள்ள, நீயே பாரு!"

படித்த பிள்ளை என்றதும் நம்பிவிட்டேனோ என்னவோ.

மறுநாள் மாமா கீல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நான் சாக்கை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். முதல் பலகை இரண்டே நிமிடம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். பலகை நீளவாக்கில் பிளந்து சுவரில் போய் மோதியது. ரம்பத்தின் பல் ஒன்று என் தலைக்குப் பின்னாலிருந்த தூணில் குத்தி நின்றது. பிளந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி; அதைச் சுற்றி ஒரு கொத்து முடி. இன்னும் கருப்பாகவே இருந்தது.

மாமா வந்ததும் என் விரல்களை எண்ணினார். பத்தும் இருந்த பிறகுதான் திட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் வந்த காசியம்மாள் ஆணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க நாத்தனா ஆராயிக்கு அடிச்சது. இருவது வருசம் ஆவுது. வெளிய சொல்லிடாத தம்பி."

"ஆணைய வெச்சிங்களேம்மா! சொல்லியிருந்தா கையிலயே அறுத்திருப்போமே!"

"கையிலதான அறுக்கறாரு, அவரே பாத்து எடுத்துடுவாருனுதான் சொல்லல. உன்ன யாரு மோட்டாரப் போடச் சொன்னது?"

தூணில் குத்தியிருந்த பல்லைப் பிடுங்கப் போனேன்.

வேறு மரம் இல்லை. குடிபுகும் நாளில் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் மஞ்சள் சேலை. வந்தவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். "கதவு முடியறதுக்குள்ள ஏன் அவசரப்பட்டீங்க, மேஸ்திரிய மாத்தறதுதான?" என்றார் ஒரு பெரியவர்.

"மேஸ்திரி மேல தப்பு இல்ல. இந்தப் படிச்ச புள்ள மோட்டார்ல போட்டு ஒடச்சிடுச்சி" என்று காசியம்மாள் என்னைக் காட்டினாள்.

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. பேய் ஆணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிப் பேர் இலையை விட்டு எழுந்துவிடுவார்கள். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த அம்மாள் என் இலைக்கு முன் நின்றாள்.

"ஆராயி, அந்தத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள் காசியம்மாள்.

"இந்த வயசுல இவ்ளோ அவசரம் ஜாஸ்தி தம்பி" என்றபடி ஆராயி ஊற்றினாள்.

"தப்புதாங்க" என்றேன்.

பக்கத்து இலையில் மாமா தலை நிமிரவே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.