பவுடர் டப்பாக் காசுகள்

நேற்று சிங்கப்பூர் விமான நிலையத்தில் காபி வாங்கினேன். மீதியாக வந்த காசு ஒன்றில் 1991 என்றிருந்தது. சட்டென்று பவுடர் வாசனை வந்த மாதிரி இருந்தது.

அப்பா பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் ஒரு ஹோட்டலில் ரூம்பாய். வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப்போகும் சில்லறையை ஆஸ்டின் டவுன் வீட்டில் பாயின்மேல் கொட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணருகே பிடித்து வருடம் பார்ப்பார். எந்த நாட்டுக் காசானாலும் சரி, 1991 என்றிருந்தால் மட்டும் ஒரு பவுடர் டப்பாவுக்குள் போகும். மற்றதெல்லாம் நான் விளையாடுவதற்கு.

அந்த டப்பா தம்பிக்கு வாங்கியது. தொண்ணூற்றொன்றில் பிறந்தவன், பதினொரு நாள்தான் இருந்தான். அம்மா அந்த டப்பாவைத் தொடவே மாட்டாள்.

செத்தவனுக்கு டப்பா, எனக்குக் கழிசலா என்று எட்டு வயதில் எனக்கு எரிச்சல். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் பொறந்த வருசத்துக் காச மட்டும் ஏம்ப்பா எடுத்து வெக்கல?"

அப்பா பாயிலிருந்து நிமிரவில்லை. "நீதான் இருக்கியேம்மா" என்றார்.

நேற்று அந்தக் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பிறகு மீதிச் சில்லறையையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அப்பா இறந்த வருடம் 2004. அது எதிலும் இல்லை.