மாமாவைக் கடித்த சிலந்தி

அம்மாவின் தம்பி, என் மாமா, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு சாண் துணியை வீணாக்க மாட்டார் என்று பெயர். அவர் வீணாக்கியதெல்லாம் டீயைத்தான்.

கம்பெனி வாசலில் ஒரு கிழட்டுப் புளியமரம் நின்றது. அதன் பொந்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி குடியிருந்தது. சாம்பல் நிறம், காலைத் தூக்கினால் அடியில் மஞ்சள் பட்டை தெரியும். நம் பக்கத்துப் பழைய மரங்களை விட்டால் அந்த இனம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று பிற்பாடு படித்தேன். இரண்டாயிரத்து நாலிலோ ஐந்திலோ எங்களுக்கு அது வெறும் பூச்சி. மாமா மட்டும் சாயங்கால டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகும்வரை பொந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதே கம்பெனியில் தைத்த பனியன்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலாளிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. மரத்தை வெட்டிவிட்டு அங்கே ஷெட் போடுவதாகச் சொன்னார். மாமா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரு பூச்சிக்காவ மரத்த உட்டு வெக்க முடியுங்களா மாஸ்டர்?" என்று முதலாளி சிரித்தார்.

தாராபுரத்திலிருந்து ஆட்கள் வந்து மரத்தில் கயிறு கட்டினார்கள். பொந்துப் பக்கம் போன மாமா, "ஐயோ, கடிச்சுப்போடுச்சே!" என்று அலறி, கையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். கண் செருகியது, வாய் கோணியது. அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். விடுமுறைக்கு அம்மாவுடன் வந்திருந்த நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தையல் மிஷின்களெல்லாம் நின்றுவிட்டன. அம்மாவையும் மாமாவையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மரம் வெட்ட வந்த பெரியவர் கயிற்றைச் சுருட்டினார். "நாங்க புள்ளகுட்டிக்காரங்க சாமி. இந்த மரத்துல எங்க ஆளுக ஏறமாட்டாங்க."

அடுத்து வந்தவர்களும் கதையைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். முதலாளி அலுத்துப்போய் ஷெட்டைப் பின்பக்கம் போட்டுக்கொண்டார். மாமாவோ அன்று இரவே தோசை மேல் தோசையாகக் கேட்டு வாங்கித் தின்றார். சிவன்மலை முருகன்தான் காப்பாற்றினான் என்று அம்மா அந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மரத்தடிக்குப் போனேன். மாமா தண்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவர் காதுக்குச் சற்று மேலே அந்தச் சிலந்தி உட்கார்ந்திருந்தது.

"மாமா! பூச்சி!"

அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கத்தாத கண்ணு. அது பயந்துக்கும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடிபட்டும் புத்தி வராத இந்த மனுசனுக்காகவா அப்படி அழுதோம் என்று, அன்று முழுக்க அவரோடு பேசவே இல்லை.