இருபத்து மூன்று பூஜ்ஜியங்கள்

அந்த ஆராய்ச்சித் துறையில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு, "கடந்த ரெண்டு வாரமா தூக்கம் வர்றதுல சிரமம் இருக்கா?" என்று கேட்பது வேலை. பதினேழு வருடமாகக் கேட்கிறாள். அதற்கு முன் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் வாங்கிக்கொண்டிருந்தாள். அங்கே மெஷின் சுற்றமாட்டேன் என்கிறது என்றார்கள், இங்கே மனசு சுற்றுவதை நிறுத்தமாட்டேன் என்கிறது என்கிறார்கள், இரண்டுக்கும் ஒரே குரல்தான் என்பாள்.

போனை எடுத்ததும் கதை சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. மாமியார் கதை, முதலாளி கதை, மாடிவீட்டு நாய்க் கதை எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிவிடுவாள். "அதெல்லாம் இருக்கட்டும்ங்க. இல்லவே இல்லன்னா பூஜ்ஜியம், சில நாள்னா ஒண்ணு, பாதி நாள்னா ரெண்டு, தினமும்னா மூணு. எதைப் போடட்டும்?" எதிர்முனையில் இருப்பவர் விக்கித்துப்போய் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்வார். அதுதான் அறிவியல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிவப்பு விளக்கு அடிக்கும் ஒரு பேனா வைத்திருப்பார். கேன்டீனில் பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதற்குக்கூட அந்த விளக்கை அடித்துத்தான் படிப்பார். நோயாளி என்று ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பேசி எத்தனை வருடம் ஆயிற்றோ, அவருக்கே நினைவிருக்காது. வட்டம் வரைவார், கோடு வரைவார். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை வட்டம் என்றே சொன்னார்கள்.

வட்டத்தின் வித்தை இதுதான். தூக்கமின்மை ஒரு வட்டம், கவலை ஒரு வட்டம், பயம் ஒரு வட்டம், எரிச்சல் ஒரு வட்டம். கேள்விக்காரி வாங்கிவந்த எண்களைக் கம்ப்யூட்டரில் கொட்டினால், எந்தத் தொல்லை எந்தத் தொல்லையோடு சேர்ந்து வருகிறதோ அந்த இரண்டுக்கும் நடுவே அது ஒரு கோடு போடும். அடிக்கடி சேர்ந்து வந்தால் தடித்த கோடு. அதிகக் கோடுகள் வந்து விழும் வட்டம் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருப்பதைச் சரிசெய்தால் சுற்றியிருப்பவை தானே அவிழ்ந்துவிடும் என்பது பேராசிரியரின் கட்சி. யோசனை மோசமில்லை. மனசின் வலிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் வருகின்றன. அது பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் படம் நன்றாக வருவதும் வராததும் கீழே கொட்டுகிற எண்ணைப் பொறுத்தது. அதைப் பற்றி மட்டும் அந்த மகானுக்கு அக்கறை கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒரு புதுப் படிவம் கொண்டுவந்தார். பக்கத்துக் கட்டடத்து ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனைக்கு வருகிற தொள்ளாயிரம் பேரிடமும் கேட்க வேண்டும். இருபத்து நான்கு கேள்வி. முதல் கேள்வி தூக்கம். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பதில் பூஜ்ஜியம் என்றால் மற்றவற்றைக் கேட்க வேண்டாம், பூஜ்ஜியம் இட்டு முடிக்கவும்.

"தூங்கறவனுக்கு என்னம்மா பெரிய பிரச்சனை இருக்கப்போகுது? நேரம் மிச்சம்" என்றார் பேராசிரியர்.

கேள்விக்காரிக்குப் பரம சந்தோஷம். யாராவது "நல்லாத் தூங்கறேங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த பத்து வினாடியில் இருபத்து மூன்று பூஜ்ஜியத்தையும் சரசரவென்று இறக்கிவிட்டு அடுத்த நம்பரை அழுத்திவிடுவாள். பூஜ்ஜியம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்படி முந்நூற்று நாற்பத்தொரு பேருக்குப் போட்டாள்.

அதில் ஒருவன் அவள் தம்பி.

தம்பி கூடவேதான் இருந்தான். அப்பா அம்மா போனபிறகு இரண்டு அறை வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் கருவிப்பையை வாசலில் வைத்துவிட்டுப் படுத்தான். அப்புறம் வேலைக்கே போகவில்லை. சண்டை இல்லை, விபத்து இல்லை, பெண் விவகாரம் இல்லை. காரணம் ஏதாவது இருந்திருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். விடிந்து வெகுநேரம் வரை தூங்குவான், மதியமும் தூங்குவான். "தண்டம். குடுத்துவச்ச பிறவி. எனக்கு வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்று அவன் காதில் விழும்படியே சொல்வாள். அவன் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான்.

வியாழக்கிழமை மட்டும் எழுந்து குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவான். அங்கே ஆலோசகர் அம்மாள் ஒருத்தி முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். ஒன்றரை வருடமாக இது நடந்தது. அங்கே என்ன பேசினான் என்று அவள் கேட்டதில்லை. பொழுது போகாதவனுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டியலில் அவன் நம்பர் வந்தபோது ஆபீசிலிருந்தே கூப்பிட்டாள். சொந்தக்காரர்களை வேறு ஆள்தான் கேட்க வேண்டும் என்று சட்டம். வேறு ஆள் இல்லை.

"தூக்கம் வர்றதுல சிரமம் இருக்கா?"

"இல்லக்கா. நல்லா வருது."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று போனை வைத்துவிட்டாள். இருபத்து மூன்று பூஜ்ஜியம்.

படம் வந்தது. அடேயப்பா, என்ன படம்! தூக்கமின்மை நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. கவலை, பயம், அழுகை, எரிச்சல் எல்லாம் சுற்றிலும் பொத்தான் பொத்தானாக நின்றுகொண்டு அதற்குக் கயிறு தடிமனில் கோடு விட்டிருந்தன. பேராசிரியரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். கூட்டம் போட்டார்கள், சால்வைக்குப் பதில் விருது என்று ஒரு கண்ணாடிக் கட்டி கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து எவனாவது ஒருத்தன், "எப்படிய்யா எல்லாக் கோடும் ஒரே இடத்துக்குப் போகுது?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. படித்தவர்கள் கூட்டம், கைதட்டத்தான் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரி நிர்வாகம் உடனே பிடித்துக்கொண்டது. தூக்கம்தானே நடு? தூக்கம் கெட்டவர்களுக்கு வகுப்பு நடத்துவோம். எல்லாவற்றிலும் பூஜ்ஜியம் வாங்கியவர்கள் நலமாக இருக்கிறார்கள். அவர்களுடைய ஆலோசனை நேரத்தை நிறுத்துவோம். முந்நூற்று நாற்பத்தொரு கடிதம் கிளம்பியது.

தம்பிக்கு வந்த கடிதத்தை அவள்தான் பிரித்துப் படித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "பாத்தியா? உனக்கு ஒரு வியாதியும் இல்லையாம். ஆராய்ச்சியே சொல்லிடுச்சு. இனிமேலாவது எழுந்து வேலைக்குப் போ."

அவன் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தான். "சரிக்கா" என்றான். அந்த வியாழக்கிழமை அவன் குளிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் குளிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆலோசகர் அம்மாள் மாடி ஏறி வந்தாள். வயதானவள், மூச்சு வாங்கியது. கேள்விக்காரியின் மேஜையில் ஒரு தாளை வைத்தாள், தம்பியின் படிவம்.

"இதை நீதானேம்மா பூர்த்தி பண்ணே?"

"ஆமாங்க."

"பத்தொன்பதாவது கேள்விக்கும் பூஜ்ஜியம்னு போட்டிருக்கே. அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்க வேண்டியதில்லைங்க. தூங்கறவங்களுக்கு..."

"அவன் என்கிட்ட பேசினதை நான் வெளிய சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன். ஆனா இந்தத் தாள் பொய். இது இருக்கற வரைக்கும் அவனை உள்ள விடாதேன்னு எனக்கு உத்தரவு. முழுசாக் கேட்டு வேற தாள் கொண்டு வா, மத்ததை நான் பாத்துக்கறேன்." வாசல்வரை போனவள் திரும்பினாள். "தள்ளிப்போடாதேம்மா. ஒரு நாள்கூட."

பத்தொன்பதாவது கேள்வி அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தாள். பிறகு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், நல்லாத் தூங்கறேன்னு சொன்ன முந்நூத்தி நாப்பத்தோரு பேர்கிட்ட மீதி எதையுமே நாம கேக்கல. நானாப் பூஜ்ஜியம் போட்டேன். தூக்கம் கெட்டவங்களுக்கு மட்டும்தான் கவலையும் பயமும் எழுதியிருக்கு. அப்ப எல்லாக் கோடும் தூக்கத்துக்குத்தானே சார் போகும்?"

பேராசிரியர் சிரித்தார். ஒரு பூனை பேசினால் எப்படிச் சிரிப்பாரோ அப்படி. "நீ போன் பேசற ஆளும்மா. இதெல்லாம் பெரிய கணக்கு. தூக்கம் நடுவுல உக்காந்திருக்குன்னா சும்மா உக்காருமா?"

"நான்தான் சார் உக்காரவச்சேன்."

அவர் முகம் ஒரு வினாடி வெளிறியது. புரிந்துவிட்டது அவருக்கு. புரியாத முட்டாள் என்றால்கூடப் பாவம் என்று விட்டிருக்கலாம். கண்ணாடிக் கட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கட்டுரை அச்சுக்குப் போயாச்சு. உன் வேலையைப் பார்" என்றார். தூ! இதற்குப் பெயர் படிப்பு.

அவள் மேஜைக்குத் திரும்பி ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். பட்டப்பகல், மணி பதினொன்று. தம்பியைக் கூப்பிட்டாள். ஐந்தாவது தடவைதான் எடுத்தான்.

"ஆராய்ச்சித் துறையிலேர்ந்து..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். "நான்தான்டா. சில கேள்வி விட்டுப்போச்சு. பதில் சொல்றியா?"

"கேளுக்கா."

கவலை? மூணு. எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது? மூணு. தன்மேலேயே வெறுப்பு? அவன் கொஞ்சம் யோசித்தான். "மூணுக்கு மேல இல்லையா?" என்றான். இல்லை என்றாள். அவன் கதை ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குப் பிடித்த மாதிரி எண்ணாகவே சொல்லிக்கொண்டு வந்தான். அவளுக்குத்தான் பேனா ஓடவில்லை.

"பத்தொன்பது. உயிரோட இருக்கறதைவிட இல்லாமப் போறதே மேல்னு தோணுதா?"

"மூணு."

"தினமுமா?"

"முழிச்சிருக்கற நேரம் பூரா." குரல் தணிந்தது. "அதனாலதான்க்கா தூங்கறேன்."

கேள்விக்காரி இருபதாவது கேள்விக்குப் போகாமல் பேனாவை மூடிவைத்தாள்.

"ஏன்க்கா, நேத்து ராத்திரி எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டேன்?" என்றான் அவன். குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "இதுக்கு ஏன் ஆபீஸ்லேர்ந்து கூப்பிடற?"

"வைக்காதேடா. போனை வைக்காதே. பேசிக்கிட்டே இரு" என்றாள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைப்போனுக்கு மாற்றிக்கொண்டு, தாளோடு மாடிப்படியில் இறங்கிப் பக்கத்துக் கட்டடத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆலோசகர் அம்மாள் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். கதவைத் தட்டாமல் திறந்து தாளை நீட்டினாள். அந்த அம்மாள் பத்தொன்பதாவது வரியை மட்டும் பார்த்தாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே வரச் சொல்லு."

"டேய், கேட்டுச்சா? சட்டையை மாட்டிக்கிட்டுக் கதவைத் திறந்துவை. நான் ஆட்டோவுல வர்றேன், ரெண்டு பேருமாப் போகலாம்."

எதிர்முனையில் கட்டில் கிறீச்சிடுவது கேட்டது.

"நீயாக்கா?" என்றான். "என்கூடயா வர்ற?"

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிதாக ஏதோ கேட்டுவிட்டவன் போல, "உனக்கு வேலை இருக்குமே" என்று அவனே சொன்னான். அவள் தெருவில் நின்று அழுதுகொண்டே ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.