மீன் எண்ணெய் குடித்த பைப்

ராயபுரத்தில் மேஜை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் நான் வேலை பார்த்த காலம். சுதந்திரம் வந்த பிறகும் துறைமுகத்தில் இரண்டொரு வெள்ளைக்காரத் துரைமார் மிச்சமிருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய லாஞ்சுப் படகில் என் தோஸ்து வேலையிலிருந்தான். திருவொற்றியூர்க் குப்பத்து மீன்பிடிக் குடும்பம். ஒரு மத்தியானம் வந்து, துரையின் புகையிலைப் பைப்பை மடியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தான். முகத்தில் ஈயாடவில்லை.

லீவில் போன துரை அதை லாஞ்சிலேயே மறந்துவிட்டாராம். இவன் தளம் கழுவிய வேகத்தில் கடலுக்குள் தள்ளிவிட்டு, குதித்து எடுத்திருக்கிறான். ஆனால் உப்புத் தண்ணீரில் சாயம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது.

"திங்கக்கெழம தொரை வந்துடுவாரு மாமு. பாத்தாருன்னா வேலை காலி. வூட்ல சொல்லவே இல்ல."

"அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? நான் கீறேன்ல" என்றேன். வாய்ச்சவடால் இல்லை. தேக்கோ சீமை மரமோ, என் கைக்கு வந்துவிட்டால் சொன்னபடி கேட்கும்.

உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் ஏற்றினேன். ஏறவில்லை, துடைத்தால் துணியோடு வந்தது. அதற்குள் பட்டறைப் பூனை மடியில் ஏறி பைப்பை நக்க ஆரம்பித்தது.

"இதுல இன்னாடா தடவுன?"

"மரம் காஞ்சி பூடுச்சேன்னு மீன் எண்ணெய் வுட்டேன். படகுக்கு அதான வுடுவோம்?"

உள்ளும் புறமும் ஊற ஊறத் தடவி வெயிலில் வேறு வைத்திருக்கிறான். நாற்றம் தெரியவில்லையா என்று கேட்டேன். பைப்பை மூக்கில் வைத்து நன்றாக இழுத்துவிட்டு, "ஒண்ணியும் இல்லியே மாமு" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் எண்ணெய் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கை நம்பி என்ன செய்ய? வாயில் வந்தபடி திட்டினேன். பாவம், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

எண்ணெயை இழுக்காமல் சாயம் பிடிக்காது. பைப்பின் குழிக்குள் கல்லுப்பு நிரப்பி ஸ்பிரிட் ஊற்றினேன். வெளியே சாக்கட்டித் தூளை அப்பி வெயிலில் காயவைத்தேன். தூள் மஞ்சளானதும் தட்டிவிட்டுப் புதிதாக அப்பினேன். ஸ்பிரிட் வாடையில் என் மூக்கும் மரத்துப் போயிருந்ததால், நடுநடுவே பூனையை முகர விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் சாயத்தைத் தொட்டேன். கருஞ்சிவப்பாக அழகாய்ப் பிடித்தது. அரக்குப் பாலிஷ் பளபளக்கும், ஆனால் சூடு பட்டால் கொப்பளித்துக் கையில் ஒட்டும். அதனால் தேன்மெழுகு போட்டுத் துணியால் தேய்த்து முடித்தேன்.

"செஞ்சவனே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது, போ" என்று கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் சாயந்திரம் சிரித்துக்கொண்டே வந்தான். துரை பைப்பைப் பற்றவைத்தார், ஒரு தரம் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் அதே ஆள், அதே பைப், உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"மறுபடி தள்ளிட்டியா?"

"நான் இல்ல மாமு. அலையில தொரை வாயிலேந்தே வுழுந்துடுச்சி. நான் குதிச்சி எடுத்தேன்."

"இன்னா சொன்னாரு? வேலை கீதா?"

"கீது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன தபா யாராண்ட குடுத்தியோ அவராண்டயே குடு, இந்த வாட்டி மீன் எண்ணெய் மட்டும் தடவாதேன்னாரு."

நான் திரும்பிப் பூனையை முறைத்தேன்.